தடித்த தகடும் குறுகிய பள்ளமும்



நம் மாணவர் பேரவை ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் கேட்டபோது, ஒரு கவிதை எழுதிப் பார்க்கலாமா என்றுதான் முதலில் தோன்றியது. போன வருட மலரை எடுத்துப் புரட்டினேன். நிலா, மழை, நட்பு, அம்மா, ஹாஸ்டல் சாம்பார் என்று எதையும் நம் ஆட்கள் மிச்சம் வைக்கவில்லை. எனவே எனக்குத் தெரிந்த பக்கம் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். மெக்கானிக்கல் மாணவன் வெல்டிங் பற்றி எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டீர்கள் அல்லவா?

தடிமனான இரும்புத் தகடுகளை இணைக்கும்போது நடுவில் ஒரு பள்ளம் விடுகிறோம். இதைத்தான் பாடப் புத்தகம் குரூவ் என்கிறது. அந்தப் பள்ளம் குறுகலாக இருந்தால் லாபம் என்று நாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறோம். அதே குறுகல், ஹோல்டரைக் கையில் பிடித்து வெல்டிங் செய்கிறவருக்கு என்னென்ன தொல்லை கொடுக்கிறது என்பதற்குப் புத்தகத்தில் நாலு வரிகூட இல்லை. அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

எனக்கு இதில் ஒரு தனி அக்கறை உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கேட், கிரில் செய்யும் பட்டறையில் வெல்டர். டிராயிங் பார்த்து அளவு படிக்க அவருக்குத் தெரியாது. ஆனால் ஆர்க் எரிகிற சத்தத்தை வாசலில் இருந்து கேட்டே கரண்ட் கூடவா குறைச்சலா என்று சொல்லிவிடுவார். இந்தப் பாடத்தை நான் வீட்டில் படம் போட்டுக் காட்டியபோது, "இதுல என்னடா தம்பி கஷ்டம்? தகடு கனமா இருந்தா கரண்ட்டக் கொஞ்சம் ஏத்திவிடு, உருகிட்டுப் போவுது" என்றார். நம் வகுப்பிலும் பாதிப் பேர் இதையேதான் நினைக்கிறோம். எனவே அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்வது போலவே எழுதிக்கொண்டு போகிறேன்.

ஏன் குறுக்க நினைக்கிறார்கள்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், நாம் முதல் வருடம் படித்த டான் தீட்டாதான்.

ஒரு பக்கம் திறந்த பள்ளத்தின் குறுக்கு வெட்டுப் பரப்பைக் கண்டுபிடிக்க, அடியில் உள்ள இடைவெளியைத் தடிமனால் பெருக்குங்கள். தடிமனின் வர்க்கத்தைப் பாதிக் கோணத்தின் டான் மதிப்பால் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் பரப்பு. அதை இரும்பின் அடர்த்தியால் பெருக்கினால் ஒரு மீட்டர் நீளத்துக்கு எவ்வளவு உலோகம் உருக்கி ஊற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும்.

25 மி.மீ. தகடு, 60 டிகிரி 'வி' பள்ளம், அடியில் 3 மி.மீ. இடைவெளி என்றால் ஒரு மீட்டருக்குச் சுமார் 3.4 கிலோ. அதே பள்ளம் 50 மி.மீ. தகட்டில் என்றால் 12.5 கிலோ. தடிமன் இரண்டு மடங்குதான் ஆனது. உலோகமோ மூன்றரை மடங்கையும் தாண்டிவிட்டது. காரணம் அந்த வர்க்கம். 100 மி.மீ. தகட்டுக்குப் போனால் 47 கிலோவுக்கு மேல்.

இதை ராடு கணக்கில் சொன்னால் இன்னும் நன்றாக உறைக்கும். 4 மி.மீ. விட்டம், 450 மி.மீ. நீளமுள்ள 7018 ராடு ஒன்று ஏறக்குறைய 40 கிராம் உலோகம் தரும். அப்படியானால் 50 மி.மீ. தகட்டில் ஒரு மீட்டருக்கு முன்னூறுக்கும் மேற்பட்ட ராடு. ஒவ்வொரு ராடு முடிந்ததும் கசடு தட்டி, பிரஷ் போட்டு, மறுபடி தொடங்க வேண்டும். எத்தனை உலோகம் உருகுகிறதோ, ஆறும்போது அத்தனை சுருக்கம். தகடு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும்.

இதனால்தான் பள்ளத்தைக் குறுக்கு, உலோகத்தை மிச்சம் பிடி என்ற யோசனை வந்தது. 1960களில் அமெரிக்காவின் பட்டேல் ஆய்வு நிலையத்தில் குறுகிய பள்ள வெல்டிங் ஒரு முறையாகவே வளர்ந்தது. பிறகு கனமான கொதிகலன் டிரம்கள், அழுத்தக் கலன்கள், டர்பைன் ரோட்டார்கள் என்று பரவியது. 50 மி.மீ. தகட்டில் 10 மி.மீ. அகலத்தில் நேர்ச் சுவராகப் பள்ளம் விட்டால் மீட்டருக்கு 3.9 கிலோ போதும். 12.5 எங்கே, 3.9 எங்கே!

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்த முறை மெஷினுக்காக உண்டானது. மெஷினின் தலை பட்டை போலத் தட்டையாக இருக்கும், பள்ளத்துக்குள்ளேயே இறங்கும். உள்ளே போன பிறகு கம்பியின் முனையை இடது சுவருக்கும் வலது சுவருக்கும் திருப்பிக் காட்ட ஏற்பாடு உண்டு. கரண்டும் வேகமும் ஒரே அளவில் நிற்கும். நம் கையில் இருப்பது ஒரு ஹோல்டர். அது பள்ளத்துக்குள் போகாது. இந்த ஒரு வித்தியாசத்தில் இருந்துதான் எல்லாத் தொல்லையும் கிளம்புகிறது.

பென்சிலும் தீப்பெட்டியும்

உடனே செய்து பார்க்கக் கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். இரண்டு தீப்பெட்டிகளைச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். உயரம் ஏறக்குறைய 50 மி.மீ. வரும். இரண்டுக்கும் நடுவே 12 மி.மீ. இடைவெளி விடுங்கள். நாம் எழுதும் சாதாரணப் பென்சிலை அதற்குள் விடுங்கள். பென்சிலின் தடிமன் சுமார் 7 மி.மீ. பூச்சோடு சேர்த்து 4 மி.மீ. ராடின் தடிமனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இப்போது பென்சில் முனையை இடப் பக்கச் சுவரைப் பார்த்துச் சாய்க்கப் பாருங்கள். மேலே வலப் பக்கச் சுவரில் இடித்துக்கொண்டு நின்றுவிடும்.

எவ்வளவு சாய்ந்தது? இடைவெளி 12, ராடு 6.8, மிச்சம் 5.2 மி.மீ. ஆழம் 50. 5.2-ஐ 50-ஆல் வகுத்து டான் பார்த்தால் 6 டிகிரி. அவ்வளவுதான் நமக்கு உள்ள சுதந்திரம். பாதி ஆழத்துக்கு வந்த பிறகு 12 டிகிரி கிடைக்கும். 60 டிகிரி 'வி' பள்ளத்தில் அடியிலேயே பக்கத்துக்கு 30 டிகிரி தாராளமாகச் சாய்க்கலாம்.

சாய்வு எதற்கு? ஆர்க் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் உருகும். ராடு நேராகக் கீழே பார்த்தால் அடியில் உள்ள பழைய வெல்டிங் உருகும், சுவர் உருகாது. உருகிய குட்டை மட்டும் பரவிப் போய்ச் சுவரைத் தொட்டுக்கொண்டு உறையும். பார்க்க ஒட்டியது போல இருக்கும், ஆனால் ஒட்டியிருக்காது. சுவருக்குப் பெயின்ட் அடித்தது மாதிரி. இதுதான் பக்கச் சுவர் இணையாமை. குறுகிய பள்ளத்தின் முதல் எதிரி.

அப்பா சொன்னபடி கரண்டை ஏற்றினால்? 3 மி.மீ. ஆங்கிளில் அது சரி. முழுத் தடிமனும் சூடாகி உருகிவிடும். 50 மி.மீ. தகடு அப்படியில்லை. கொதிக்கிற சட்டியில் ஒரு கரண்டி எடுத்துக் கிணற்றில் ஊற்றியது போல வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். கரண்டை ஏற்றினால் ராடு பழுத்துப் பூச்சு கெடும். குட்டை பெரிதாகி, ஓடுகிற தண்ணீராகி, ஆர்க்குக்கு முன்னால் பாய்ந்து பள்ளத்தின் அடியை மூடிவிடும். அதன் பிறகு ஆர்க் எரிவது குட்டையின் மேல்தான், தகட்டின் மேல் அல்ல. ஆக, கரண்டை ஏற்ற ஏற்ற இணைப்பு கெடுவதும் உண்டு. இதை வீட்டில் விளக்கியபோது அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நெருப்பு போற எடத்துக்குக் கை போவணும்னு சொல்லு" என்றார். இதைவிடச் சுருக்கமாக என் நோட்டில்கூட இல்லை.

மற்ற தொல்லைகள்

1. கசடு. ராடு எரியும்போது மேலே கசடு மூடுகிறது. அகலமான பள்ளத்தில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் கழன்றுவிடும். குறுகிய பள்ளத்தில் இரண்டு சுவரும் அதை இடுக்கிப் பிடித்துக்கொள்ளும். சிப்பிங் சுத்தியலின் முனை அடிவரை போகாது. பீடு நடுவில் மேடாக விழுந்தால் சுவரோரம் இரண்டு பக்கமும் வாய்க்கால் மாதிரி பள்ளம் விழும். கசடு அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கிரைண்டர் போடலாமே என்றால், 4 அங்குல டிஸ்க்கின் ஆரமே 50 மி.மீ.தான். நடுவில் உள்ள நட்டும் கியர் தலையும் போக 30 மி.மீ.கூட உள்ளே இறங்காது. ஆக அடியில் உள்ள முதல் சில அடுக்குகளை நீளமான ஒல்லி உளியை வைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். பொறுமை போய்விட்டால் கசடு உள்ளேயே தங்கிவிடும்.

2. ஆர்க் இழுப்பு. டி.சி. கரண்டில் வெல்டிங் செய்யும்போது காந்தப் புலம் ஆர்க்கை ஒரு பக்கமாகத் தள்ளும். ஆழமான பள்ளத்தின் ஓரங்களிலும் முனைகளிலும் இது அதிகம். ஏற்கெனவே காந்தம் ஏறிய தகடு என்றால் இன்னும் மோசம். ராடு இடது பக்கம் பார்த்தாலும் ஆர்க் வலது சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். பூச்சு கொஞ்சம் உதிர்ந்திருந்தால் உள்கம்பியே சுவரில் பட்டு, வேண்டாத இடத்தில் ஆர்க் அடிக்கும்.

3. நடுக்கோட்டு வெடிப்பு. ஒரு பீடின் ஆழம் அதன் அகலத்தைவிட அதிகமானால், உறையும்போது இரண்டு பக்கமிருந்தும் படிகங்கள் வளர்ந்து நடுவில் மோதிக்கொள்ளும். கடைசியாக உறையும் அழுக்கான திரவம் அந்த நடுக்கோட்டில் சிக்கும். சுருக்கம் இழுக்கும்போது அங்கேயே கிழியும். குறுகிய பள்ளத்தின் அடி அடுக்கில் இது வருவதற்கு வாய்ப்பு அதிகம். ராடு முடிகிற இடத்தில் குழியை நிரப்பாமல் சட்டென்று எடுத்தாலும் இதே கதைதான்.

4. ஹைட்ரஜன் வெடிப்பு. தடித்த தகடு வெப்பத்தை வேகமாக இழுப்பதால் வெல்டிங் ஓரம் சீக்கிரம் ஆறிக் கெட்டியாகி, நொறுங்கும் தன்மை பெறுகிறது. ராடின் பூச்சில் ஈரம் இருந்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் உள்ளே போகும். தடித்த இரண்டு தகடுகள் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க, சுருக்கம் இழுக்கும். கெட்டி, ஹைட்ரஜன், இழுப்பு மூன்றும் சேர்ந்தால் வெடிப்பு. அதுவும் உடனே வராது. வேலை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, சில சமயம் ஒன்றிரண்டு நாள் கழித்து வரும்.

5. ராடு வீண். ஹோல்டர் உள்ளே போகாததால், 50 மி.மீ. ஆழத்தில் வேலை செய்யும்போது வழக்கமாகத் தூக்கிப் போடும் துண்டைவிட இன்னும் 50 மி.மீ. நீளமாகத் தூக்கிப் போட வேண்டியிருக்கும். எரிக்கக் கூடிய 400 மி.மீ.யில் எட்டில் ஒரு பங்கு குப்பைக்கு. பள்ளத்தைக் குறுக்கி மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி இப்படியே போய்விடுகிறது.

6. கண்ணும் கையும். பள்ளத்தின் உள்ளே இருந்து புகையும் சூடும் ஒரே வாயில் வழியாக மேலே வரும். அதன் நேர் மேலேதான் வெல்டரின் கை, அதன் மேல் முகம். பிரீஹீட் செய்த தகடு என்றால் முட்டி போட்டு உட்காரவே முடியாது. கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது குட்டைக்கும் கசடுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். பாதி நேரம் ராடே அதை மறைத்துக்கொள்ளும்.

7. சோதனை. சுவர் இணையாத குறை காகிதம் போல ஒல்லியாக, கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும். எக்ஸ்-ரே கதிர் அதற்கு இணையாகப் போனால்தான் படத்தில் கோடாக விழும். கொஞ்சம் சாய்ந்தால் தெரியாது. அல்ட்ராசானிக் கதை வேறு. கேரம் போர்டில் ஸ்டிரைக்கரைச் சாய்வாகக் கட்டையில் அடித்தால் அது நம்மிடம் திரும்பி வராது, எதிர்ப்பக்கம் போய்விடும். அதேபோல் சாய்வாக அனுப்பிய ஒலி அலை செங்குத்துச் சுவரில் பட்டு வேறு பக்கம் போய்விடும். அதைப் பிடிக்க, அனுப்ப ஒன்று வாங்க ஒன்று என்று இரண்டு புரோபுகளை முன்னும் பின்னும் வைக்கும் முறை உண்டு. ஆக, எந்தக் குறை வர அதிக வாய்ப்போ அதுவே கண்டுபிடிக்கக் கஷ்டமானதும்கூட.

ஒரு பட்டறையில் பார்த்தது

திருச்சி என்றாலே வெல்டிங் என்று சொல்லும் அளவுக்கு நம் பக்கம் இந்தத் தொழில் வளர்ந்திருக்கிறது. 1965-ல் இங்கே பெல் தொழிற்சாலை வந்தது. 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் தொடங்கப்பட்டது. அதைச் சுற்றி எத்தனையோ ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். அப்படி ஒரு பட்டறைக்கு நான் பயிற்சிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம்.

அங்கே 40 மி.மீ. தகட்டில் ஒரு அடித்தளம் செய்துகொண்டிருந்தார்கள். டிராயிங்கில் 20 டிகிரி பள்ளம், அடியில் 8 மி.மீ. இடைவெளி. மெஷினில் செய்வதற்காகப் போட்ட டிராயிங். மெஷின் வேறு வேலையில் இருந்ததால் கையாலேயே செய்யச் சொல்லிவிட்டார்கள். 8 மி.மீ. இடைவெளியில் 6.8 மி.மீ. ராடு. பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் சொச்சம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வெல்டர் அண்ணன்தான் அந்த வேலையைச் செய்தார். ஆரம்பிக்கும்போதே, "இது கொஞ்சம் அகலமா வேணும் சார்" என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். "டிராயிங்ல என்ன இருக்கோ அதைச் செய்யுங்க" என்று பதில் வந்தது.

முடிந்த பிறகு அல்ட்ராசானிக் பார்த்தார்கள். சாக்பீஸால் மூன்று இடத்தில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். மூன்றும் சுவர் ஓரம். உடனே, "ஆளுக்கு வயசாயிடுச்சு, கை நடுங்குது" என்று ஆபீஸ் ரூமில் பேச்சு. அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "தம்பி, உள்ள விட்டா எனக்குத் தெரியறது ராடு மட்டுந்தான். சுவத்தக் கண்ணால பாக்க முடியல. பாக்காத எடத்த எப்படி உருக்கறது?"

கார்பன் ராடால் அந்த மூன்று இடத்தையும் குடைந்து எடுத்தார்கள். குடைந்ததில் பள்ளம் தானாகவே அகலமாகிவிட்டது. உள்ளே கிரைண்டிங் செய்து பளபளவென்று ஆக்கிவிட்டு, அதே அண்ணன் மறுபடி நிரப்பினார். மறுநாள் சோதனையில் மூன்றும் பாஸ். அதே ஆள், அதே கை, அதே ராடு, அதே மெஷின். மாறியது பள்ளத்தின் அகலம் ஒன்றுதான். நாம் லேபில் ஒரு பரிசோதனை செய்தால் மற்ற எல்லாவற்றையும் மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள் அல்லவா? அந்தப் பரிசோதனை அங்கே தானாகவே நடந்தது. முடிவைக் குறித்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. ரிப்பேர் செய்த நேரத்துக்கு அந்த அண்ணனுக்கு ஓவர்டைம் கிடையாது என்றும் கேள்விப்பட்டேன். "உன் குறை, நீயே சரி செய்" என்பது அங்கே கணக்கு.

நிலநடுக்கம் சொன்ன பாடம்

இது ஏதோ ஒரு பட்டறைச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1994 ஜனவரி 17 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தது. இரும்புச் சட்டக் கட்டடங்கள்தான் நிலநடுக்கத்துக்கு மிகவும் பாதுகாப்பு என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தார்கள். அவை இடிந்து விழவும் இல்லை. ஆனால் மேல்பூச்சைப் பிரித்துப் பார்த்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் உத்திரமும் தூணும் சேருகிற வெல்டிங்கில் வெடிப்பு இருந்தது.

பெரும்பாலும் உத்திரத்தின் அடிப்பட்டை வெல்டிங்கில்தான் வெடிப்பு. ஏன் அங்கே? அடிப்பட்டையை வெல்டிங் செய்ய வெல்டர் மேலே இருந்துதான் கையை விட வேண்டும். உத்திரத்தின் நடுச்சுவர் குறுக்கே நிற்கிறது. அதில் உள்ள ஒரு சின்ன ஓட்டை வழியாகத்தான் ஆர்க் அந்தப் பக்கம் போக முடியும். ஒவ்வொரு அடுக்கையும் சரியாக அந்த நடு இடத்தில் நிறுத்தி, பக்கம் மாறி உட்கார்ந்து, மறுபடி தொடங்க வேண்டும். நிறுத்தித் தொடங்கிய இடத்தில் கசடும் இணையாமையும் சேர்ந்தன. சோதனைக் கருவிக்கும் அந்த இடம் சரியாகப் பிடிபடவில்லை. அடியில் வைத்த பட்டையையும் எடுக்காமல் விட்டிருந்தார்கள். பயன்படுத்திய வெல்டிங் உலோகமும் அதிர்ச்சி தாங்கும் வகை அல்ல. எல்லாம் சேர்ந்து வெடித்தது. சரியாக ஒரு வருடம் கழித்து, 1995 ஜனவரி 17-ல், ஜப்பானின் கோபே நிலநடுக்கத்திலும் இரும்புச் சட்ட இணைப்புகள் உடைந்தன.

அமெரிக்காவில் பல வருடம் ஆராய்ந்து 2000-ல் புதிய வழிகாட்டிகள் வெளியிட்டார்கள். அடிப்பட்டையை எடுத்துவிடு, பின்பக்கம் குடைந்து சுத்தம் செய்து மறுபடி வெல்டிங் செய், அதிர்ச்சி தாங்கும் உலோகம் போடு என்றார்கள். கை போகும் ஓட்டையின் வடிவத்தைக்கூட ஆராய்ந்து சொன்னார்கள். வெல்டரைத் திட்டியதோடு அவர்கள் விட்டுவிடவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

படித்து முடித்ததும் நம்மில் பலர் சூப்பர்வைசராகவோ டிராயிங் ஆபீஸிலோ போய் நிற்கப் போகிறோம். அப்போது நினைவில் வைக்க வேண்டியவை:

அ) கோணத்தைக் குறைத்தால் இடைவெளியைக் கூட்டு. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதி நூலில், கை ராடுக்கு, அடியில் பட்டை வைத்த 'வி' பள்ளத்துக்கு இப்படிச் சொல்லியிருக்கிறது: 45 டிகிரி என்றால் 6 மி.மீ., 30 டிகிரி என்றால் 10 மி.மீ., 20 டிகிரி என்றால் 12 மி.மீ. இடைவெளி. 50 மி.மீ. தகட்டுக்கு இவை முறையே மீட்டருக்கு 10.5, 9.2, 8.2 கிலோ வரும். கோணத்தைப் பாதிக்கு மேல் குறைத்தும் மிச்சம் 2.3 கிலோதான். அந்தப் பட்டறையில் 20 டிகிரியும் வைத்து இடைவெளியும் 8 மி.மீ. வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆ) இரண்டு பக்கமும் போக முடிந்தால் இரட்டை 'வி' போடு. 50 மி.மீ. தகட்டில் பக்கத்துக்கு 25 மி.மீ. ஆழம், 60 டிகிரி, 3 மி.மீ. இடைவெளி. கணக்குப் போட்டால் 6.8 கிலோதான் வரும். 20 டிகிரி குறுகிய பள்ளத்தைவிடக் குறைவு! கைக்கும் தாராள இடம். இரண்டு பக்கமும் மாறி மாறிச் செய்தால் தகடும் கோணாது. இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டாலே இந்தக் கட்டுரை படித்ததற்குப் பலன். தகட்டைத் திருப்பிப் போட முடியாத இடத்தில் அடி அகன்ற 'யூ' பள்ளம் யோசிக்கலாம், ஆனால் அதற்கு மெஷினிங் செலவு உண்டு.

இ) அடி அடுக்குக்குச் சிறிய ராடு. 3.15 மி.மீ. ராடு வைத்தால் சாய்க்க இடம் கிடைக்கும். மேலே வந்த பிறகு 4 மி.மீ.க்கு மாறலாம். ஆர்க்கைக் குட்டையாகப் பிடித்து, இரண்டு சுவரிலும் ஒரு கணம் நிறுத்தினால் பீடு தட்டையாக விழும்.

ஈ) அகலம் வந்ததும் அடுக்குக்கு இரண்டு பீடு. ஒரே பீடை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அலைக்க வேண்டாம். இடது சுவருக்கு ஒன்று, வலது சுவருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தன் சுவரைப் பார்த்துச் சாயட்டும்.

உ) ராடைக் காய வை, தகட்டைச் சூடாக்கு. 7018 ராடை 260 முதல் 430 டிகிரி செல்சியஸில் குறைந்தது 2 மணி நேரம் காயவைத்து, பிறகு 120 டிகிரிக்குக் குறையாத ஓவனில் வைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்தால் 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். சாதாரண வகைக் கட்டுமான இரும்பு 38 மி.மீ.க்கு மேல் 65 மி.மீ. வரை என்றால் குறைந்தது 65 டிகிரி பிரீஹீட், அதற்கு மேல் தடிமன் என்றால் 110 டிகிரி. இவையும் அதே விதி நூலில் உள்ளவைதான்.

ஊ) ஆர்க் இழுத்தால் எர்த் கிளாம்பை இடம் மாற்றிப் பார், ஆர்க்கைக் குட்டையாக்கு. ராடு அனுமதித்தால் ஏ.சி.க்கு மாறு. வெல்டரின் மேல் எரிந்து விழுவதால் காந்தம் போகாது.

எ) பாதியில் பார். 50 மி.மீ.யையும் நிரப்பி முடித்த பிறகு சோதனை செய்தால், அடியில் உள்ள குறைக்காக மேலே உள்ள நல்ல வெல்டிங்கையும் குடைய வேண்டும். அடி அடுக்கு முடிந்ததும், மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் நிறுத்தி, கிரைண்டிங் செய்து கண்ணால் பார்த்துவிட்டு மேலே போவது மலிவு. நிறுத்தித் தொடங்கும் இடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அமையாமல் தள்ளித் தள்ளி அமையட்டும்.

ஏ) உண்மையிலேயே 10 மி.மீ. நேர்ப் பள்ளம்தான் வேண்டும் என்றால் அது மெஷின் வேலை. மெஷின் டிராயிங்கைக் கைக்குக் கொடுக்காதே. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் பள்ளத்தை மாற்றி டிராயிங்கைத் திருத்திக் கொடு.

கடைசியாக ஒரு வார்த்தை

வெல்டிங் சின்னத்தின் பக்கத்தில் 20 என்று எழுத நமக்கு ஒரு நொடி போதும். 60-ஐ அடித்துவிட்டு 20 போட்டதால் இத்தனை கிலோ மிச்சம் என்று அறிக்கையும் கொடுத்துவிடலாம். அந்த 20 டிகிரிக்குள் எட்டு மணி நேரம் கையை விட்டுக்கொண்டு உட்காரப் போகிறவர் வேறு ஒருவர். அவர் பேச்சு டிராயிங்கில் ஏறாது. அவரிடம் போய், "அண்ணே, இந்தப் பள்ளத்தில் ராடு போகுமா, சுவர் தெரியுமா?" என்று ஒரு கேள்வி கேட்பதற்கு எந்த விதி நூலும் தடை போடவில்லை. என் அப்பா வேலை பார்க்கும் பட்டறைக்கு இதுவரை எந்த டிப்ளமோ படித்தவரும் வந்து அப்படிக் கேட்டதில்லை. நம் செட் வெளியே போய்க் கேட்கட்டும்.

இறுதி ஆண்டு புராஜக்ட்டுக்கு விஷயம் தேடிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. ஒரே தடிமனில் நாலு துண்டுத் தகடு எடுங்கள். 60, 45, 30, 20 என்று நாலு கோணத்தில் பள்ளம் வெட்டுங்கள். நாலுக்கும் ஒரே அளவு இடைவெளி விட்டு, ஒரே ஆளை வைத்து வெல்டிங் செய்து, குறுக்கே அறுத்து, பாலிஷ் போட்டு, ஆசிட் தடவிப் பாருங்கள். எந்தக் கோணத்தில் சுவர் இணையாமல் போகிறது என்று கண்ணுக்கே தெரியும். நம் பட்டறையிலேயே செய்யலாம், பெரிய செலவும் இல்லை. கூட வேலை செய்ய ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.